தனியாக ஓடிப் பாருங்கள்

பௌர்ணமி அன்று எங்கள் கிரிவலப் பாதையில் ஓட முடியாது. லட்சக்கணக்கில் ஜனம், நடக்கவே இடம் இருக்காது. மற்ற நாட்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு அடி அண்ணாமலைப் பக்கம் வந்து பாருங்கள். நடைபாதையில் போர்த்திக்கொண்டு தூங்கும் சாமியார்கள், ஒரு டீக்கடை வெளிச்சம், நாலைந்து நாய்கள். அவ்வளவுதான். அந்த நேரத்தில்தான் நான் ஓடுவேன். தனியாக.

"கூட ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்குமே?" என்று கேட்காதவர்கள் இல்லை.

இருந்தார்கள். நான்கு பேர் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். ஒருவனுக்குப் பரீட்சை, ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் எழுந்திருக்கவே இல்லை. அவன் வரவில்லை என்று நானும் வரவில்லை. பத்தே நாளில் எல்லாம் முடிந்தது. தனியாக ஓடினால் ஒரே ஒரு ஆளின் சாக்குப்போக்கைத்தான் ஜெயிக்க வேண்டும்.

அடுத்தது வேகம். புதிதாக ஓடுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் திணறாமல் சொல்லி முடிக்கும் வேகத்தில் ஓடினால் போதும். ஆனால் பக்கத்தில் ஒருவன் வேகமாக ஓடும்போது நமக்கு ரோஷம் வந்துவிடுகிறது. மூச்சு வாங்கினாலும் நிற்க மாட்டோம். மறுநாள் கால் வலி. தனியாக ஓடுகிறவன் வெட்கப்படாமல் நடக்கலாம், மறுபடி ஓடலாம். மலையைச் சுற்றி வர சுமார் 14 கிலோமீட்டர். அஷ்ட லிங்கங்கள்தான் எனக்கு மைல்கல். ஒவ்வொரு லிங்கமாகத்தான் தூரத்தைக் கூட்டினேன்.

மூன்றாவது, மனசு. காதில் பாட்டு கிடையாது (பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமே!). முதல் பத்து நிமிடம் வீட்டுச் சண்டை, காலேஜ் ஃபீஸ் எல்லாம் ஓடும். பிறகு மூச்சும் காலடியும் மட்டும்தான்.

கூட்டத்தால் பயனே இல்லையா? உண்டு. 2019-ல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். பல பேர் முறை வைத்து அவரோடு ஓடி, காற்றைத் தடுத்து, வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். வேகம் வேண்டுமென்றால் துணை வேண்டும். ஆனால் நம்மில் எத்தனை பேர் கிப்சோகே?

இவ்வளவு சொன்ன நான் ஒன்றை மறைக்கக் கூடாது. என் தங்கைக்கும் ஓட ஆசை. "தனியாவா?" என்று அம்மா கேட்டதோடு பேச்சு முடிந்தது. பௌர்ணமி இரவு இரண்டு மணிக்கு இதே பாதையில் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். அன்று கூட்டமே காவல். மற்ற நாளிலும் அதே பாதைதான், அதே விளக்குதான். ஆனால் அவளுக்கு நான் துணை போக வேண்டும். தனிமையின் நன்மை என்று நான் அடுக்கியதெல்லாம் ஆண்பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற வசதி என்பது அப்போதுதான் உறைத்தது. பாதை சரியில்லாததற்கு அவளை வீட்டில் உட்கார வைப்பது என்ன நியாயம்?

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவளோடு ஓடுகிறேன். போன வாரம் பாதி வழியில் சொன்னாள்: "அண்ணா, நீ முன்னாடி போ. கொஞ்ச தூரம் நான் தனியா வர்றேன்."

வளைவு தாண்டிப் போய் நின்றேன். அவள் வந்து சேர ஐந்து நிமிடம் ஆனது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம்தான்.