டர்போ மேல் பழி போடுமுன்

டீசல் கார் மேட்டில் இழுக்கவில்லை என்றால் கோவை மேட்டுப்பாளையம் ரோட்டு ஒர்க்ஷாப்புகளில் உடனே ஒரு தீர்ப்பு வரும்: "டர்போ போயிருச்சுங்கண்ணா, மாத்திரலாம்." என் தங்கை மகன் வண்டிக்கும் அதையே சொன்னார்கள். ஆதாரம், ஸ்கேனர் காட்டிய கோட். காற்றழுத்தம் குறைவு என்று மட்டும்தான் அந்தக் கோட் சொல்கிறது. ஏன் குறைந்தது என்று சொல்வதில்லை. பார்த்தால் இன்டர்கூலர் ஓஸில் அடிப்பக்கம் ஒரு கிழிசல். காற்று வெளியே ஓட, முழுதாக எரியாத டீசல்தான் கரும்புகையாக வந்திருக்கிறது.

மில் மெஷின் செய்யும் ஊர் எங்கள் பெரியநாயக்கன்பாளையம். டூல்ரூமில் டயல் கேஜ் பிடித்தே காலம் கழித்தவன் நான். நூற்பு ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றினாலே பேரிங்கை அப்படிக் கவனிப்போம். சிறிய கார் டர்போவின் தண்டு 2 லட்சத்தைத் தொடும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். அதனால் எஞ்சின் ஆறிய பிறகு தண்டின் நுனியைப் பிடித்தால் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதைக் காட்டி "பாருங்க, ஆடுது" என்பவரை நம்ப வேண்டாம். முன்னும் பின்னும் நகர்வது கைக்கே தெரிந்தாலோ, இறக்கை உரசி உள்சுவரில் கோடு விழுந்திருந்தாலோதான் கவலை. இறக்கை முனை தேய்ந்து மழுங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. நீலப்புகைக்கும் டர்போ மட்டும் காரணமல்ல. ஆயில் திரும்பும் குழாய் அடைத்தாலும் சீலைத் தாண்டி ஆயில் கசியும்.

குன்னூர் மலையை முக்கி ஏறிவிட்டு, டீக்கடையைப் பார்த்ததும் சாவியைத் திருப்பி அணைப்பவர்கள் நம்மில் நிறைய. ஆயில் ஓட்டம் நிற்கும், சூடு நிற்காது; உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். இந்தக் கரி அடைத்த ஆயில் குழாயை மாற்றாமல் புது டர்போ பூட்டினால் அதுவும் சீக்கிரம் போகும். வாரன்டி கேட்டால் ஓட்டினவர் மேல் பழி.

ஆகவே என் கட்சி இது: பழைய டர்போவை வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும். தண்டின் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்து, டர்போ கெட்டதன் காரணத்தோடு பில்லிலேயே எழுத வேண்டும். "அதெல்லாம் கம்பெனிக்காரங்க பார்க்கிறதுங்க" என்று நழுவினால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மைக்ரான் அளக்கத் தெரிந்த கைகளுக்குக் கோவையில் பஞ்சமில்லை.