ஆவியைக் கட்டும் வித்தை

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. போளூரிலிருந்து புறப்பட்டால் சுமார் 40 கிலோமீட்டரில் மலைநடுவே இருக்கும் ஜமுனாமரத்தூரை அடையலாம். ஆலங்காயம் வழியாக ஏறினால், 1986-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியையுடைய காவலூர் வான ஆராய்ச்சி நிலையம் குறுக்கிடும். இன்று இவ்வழிகளில் நல்ல தார்ச்சாலை உண்டு. ஆனால் நம் பட்டணத்து நண்பர்கள் சிலருக்குச் சாலை இருப்பதே ஒரு குறையாகத் தோன்றுகிறது. சாலை முடிகிற இடத்தில்தான் பிரயாணம் ஆரம்பமாகிறது என்பது அவர்கள் சித்தாந்தம். ஜீப்பின் முதுகில் ஒரு பெட்ரோல் கேன் தொங்கினால்தான் அது வீரப் பிரயாணம்!

வீரத்தை நாம் குறை கூற வரவில்லை. அந்தக் கேனைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நம் ஊரில் ஆவி என்றதும் புளிய மரத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. மோட்டார்ப் பிரயாணிகள் பார்க்கவேண்டியது பெட்ரோல் கேனை. பெட்ரோல் என்னும் திரவம் எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றுமளவுக்கு அது ஆவியை வெளியிடும் என்றால், நம் சித்திரை வெயிலைப் பற்றிக் கேட்பானேன்? இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே பறந்து போய்விடாமல், தரையோடு தரையாகத் தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கி, சற்றுத் தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தேடிச் செல்லும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை அது கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பெட்ரோலைப் பத்திரமாக எடுத்துச் செல்லும் வித்தை எல்லாம் இந்த ஆவியைக் கட்டி வைக்கும் வித்தைதான். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், மற்ற விதிகளை நெட்டுருப் போடவேண்டிய அவசியமே இல்லை.

டீசல் வண்டிக்காரர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்யவேண்டாம். டீசல் பெட்ரோலைவிடச் சாது என்பது உண்மை. ஆயினும் நம் நாட்டுத் தர விதிப்படி டீசல் தீப்பற்றும் ஆவியை வெளியிடத் தொடங்கும் வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் போதும். வேலூர்ப் பக்கத்துக் கோடையில், வெயிலில் நிற்கும் தகரத்துக்குள் 35 டிகிரி என்பது காலைப் பலகார வேளையிலேயே வந்துவிடும்.

இனி முதற் கேள்வி: உபரி எரிபொருள் அவசியந்தானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போய்வர 80 கிலோமீட்டர். மலைமேல் சுற்றுவதற்கு 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 140. சமவெளியில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, கல்லிலும் மேட்டிலும் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது 6 கிலோமீட்டர்தான் ஓடுமென்று தாராளமாகக் கழித்துவிடுவோம். அப்படியும் செலவு 24 லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 45 லிட்டர் கொள்ளும் டாங்கை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொண்டவருக்கு, திரும்பி வரும்போது ஏறக்குறையப் பாதி மிஞ்சியிருக்கும். எரிபொருளுக்கு வண்டியின் டாங்கைவிடப் பத்திரமான பாத்திரம் கிடையாது. ஆகவே பெரும்பாலோருக்குக் கேன் வெறும் அலங்காரமே.

சிறிய டாங்குள்ள பழைய ஜீப், கூட்டமாகச் செல்லும் மோட்டார் சைக்கிள்கள், மலைமேலேயே பல நாள் சுற்ற எண்ணுகிறவர்கள் ஆகியோருக்குக் கேன் தேவைப்படலாம். அவர்களுக்கும் 10 லிட்டர் போதும். மேலே சொன்ன கணக்கின்படியே அது 60 கிலோமீட்டர் ஓடும். மலையின் நடுவிலிருந்து அடிவாரம் வந்து சேர அதற்கு மேல் வேண்டியதில்லை.

அடுத்தது பாத்திரம். நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் இன்னும் அமுலில் இருக்கிறது. விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்கு, லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரையில் பெட்ரோல் வைத்துக்கொள்ள அதன் 8-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் எந்தப் பாத்திரத்தில் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது: நன்றாக மூடிய கண்ணாடி அல்லது ஜாடியானால் 1 லிட்டருக்கு மேற்படக் கூடாது, உலோகப் பாத்திரமானால் 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது. தண்ணீர்ப் பாட்டிலுக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் அந்த வரியில் இடமில்லை. பெட்டிக்கடை வாசலில் பாட்டிலில் தொங்கும் பெட்ரோலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் சட்டத்தை மட்டுமா மீறுகிறார்கள்? தாகமெடுத்த குழந்தை கை நீட்டினால் என்ன ஆகும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

நல்ல கேன் எப்படி இருக்கவேண்டும் என்பதை உலகம் ஒரு யுத்தத்தில் கற்றுக்கொண்டது. இரண்டாவது உலக யுத்தத்தில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துப் பிரிட்டிஷ் படைகள் 4 காலன் கொள்ளும் மெல்லிய தகர டின்களில் பெட்ரோலை எடுத்துச் சென்றன. நம் வீடுகளில் அரிசி கொட்டி வைத்த மண்ணெண்ணெய் டின்னின் உடன்பிறப்பு என்று சொல்லலாம். லாரி குலுங்கக் குலுங்க அவற்றின் ஓரங்கள் விட்டுக் கொடுத்தன. நூற்றுக்கு 30 பங்கு பெட்ரோல் வழியிலேயே நஷ்டமாகிறது என்று, இந்தியாவின் பிரதம சேனாதிபதியாகவும் இருந்த ஆக்கின்லெக் மதிப்பிட்டார். எதிரியிடமோ 20 லிட்டர் கொள்ளும் உறுதியான கேன் இருந்தது. இரண்டே தகடுகளை அழுத்தி ஒட்டிய உடல், மூன்று கைப்பிடிகள், நெம்பி மூடும் மூடி, ஊற்றும்போது காற்று உள்ளே போக ஒரு குழாய், திரவம் விரிவதற்கு மேலே ஒரு வெற்றிடம். ஜெர்மானியரை 'ஜெர்ரி' என்று அழைத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதற்கு ஜெர்ரிக்கேன் என்று பெயரிட்டார்கள்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு சம்பந்தம் உண்டு. 1939-இல் பால் பிளைஸ் என்னும் அமெரிக்க எஞ்சினியர் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குத் தரை வழியே மோட்டாரில் புறப்பட்டார். அவருடன் வந்த ஜெர்மன் நண்பர், தண்ணீருக்காக அந்தக் கேன்களில் மூன்றை எடுத்து வந்தார். பிளைஸ் கல்கத்தா வந்து சேர்ந்தார். பின்னர் அமெரிக்க ராணுவத்தாரிடம் அந்தக் கேனின் பெருமையைச் சொன்னபோது அவர்கள் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது சரித்திரம்.

கேனை நிரப்புவதற்கும் முறை உண்டு. அதை வண்டியிலேயே வைத்து நிரப்பக் கூடாது. கீழே இறக்கித் தரையில் வைக்கவேண்டும். ஓடுகிற பெட்ரோல் மின்சாரத்தை உண்டாக்குகிறது. தரையில் வைத்த உலோகக் கேனில் அது பூமிக்குள் இறங்கிவிடும். ரப்பர் விரிப்பின் மேல் இருந்தால் தங்கிப் பொறியாகும். பங்க்குக் குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். கழுத்துவரை ததும்ப நிரப்பவேண்டாம். 10 டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் நூற்றுக்கு ஒரு பங்கு விரிகிறது. 20 லிட்டர் கேனில் 20 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட அரை லிட்டருக்கு இடம் வேண்டும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதால் உள்ளிருக்கும் ஆவி இன்னும் முண்டும். மூடியின் வாஷர் நைந்திருந்தால் அதற்கு அதுவே வாசல்.

எங்கே வைப்பது? வண்டிக்குள் ஆட்கள் உட்காரும் இடத்தில் ஒருநாளும் கூடாது. முன்பின் பம்பர்களில் கட்டினால் மோதலில் முதலில் நசுங்குவது அதுதான். சைலன்சர் அருகே வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிறைந்த 20 லிட்டர் கேன் ஏறக்குறைய 20 கிலோ எடை. கூரைமேல் இரண்டு மூன்று ஏற்றினால் சரிவில் வண்டி சாயப் பார்க்கும். திறந்த ஜீப்பானால் பின்தளத்தில் நிமிர்த்தி வைத்து, அசையாமல் பெல்ட்டால் இறுக்கி, வெயில் படாமல் மூடுவது உத்தமம். மூடிய வண்டியானால் கூரையில் ஒரே ஒரு சிறிய கேன்; அல்லது கேனே இல்லாமை.

வண்டிக்கு ஊற்றும்போது அவசரம் ஆகாது. எஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்டு, எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். சருகில்லாத வெறுந்தரையில், காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று, மூடியை மெல்லத் தளர்த்தி ஆவியைப் போகவிட்டுப் பிறகு திறக்கவேண்டும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகே ஆகாது. குழாய் வைத்து வாயால் உறிஞ்சும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும். நுரையீரலுக்குள் போகும் பெட்ரோல் உயிருக்கு உலை வைக்கும். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து நெருப்பைச் சுமந்துகொண்டு ஓடும். உலர் பொடித் தீயணைப்பானும், அது கைக்கெட்டாவிடில் மண்ணுமே துணை.

வீட்டிலிருக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. பிரயாணம் முடிந்து வருகிற காலிக் கேன், நிறைந்த கேனைவிடப் பொல்லாதது. நிறைந்த கேனில் ஆவிக்கு வேண்டிய காற்று இல்லை. காலிக் கேனில் இரண்டும் தாராளம். அதை மாடிப்படியின் கீழே, காஸ் அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் அண்மையில் வைக்க விடாதீர்கள். மிச்சப் பெட்ரோல் இருந்தால் உடனே வண்டியின் டாங்கில் ஊற்றச் சொல்லுங்கள். எதனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் சேமிப்பதில் லாபமும் இல்லை.

2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி, மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த யாத்திரிகர் பெட்டியொன்றில், விதியை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். 2018 மார்ச்சு மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத் தீ இருபதுக்கு மேற்பட்ட மலையேற்றக்காரர்களைக் கொண்டுபோயிற்று. ஓரிடத்தில் கொண்டுவந்த எரிபொருள். மற்றோரிடத்தில் காய்ந்த காடு. இந்த இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர், கோடையில் கேனுடன் ஜவ்வாது மலை ஏறுகிறவர்.

மாசி பிறந்தால் அந்த மலையில் இலை உதிர்ந்து சருகு மெத்தையாகக் கிடக்கும். காப்புக் காட்டுக்குள் வனத் துறையின் அனுமதியின்றி வண்டியை இறக்கவே கூடாது. சாமையும் தினையும் விதைத்து, தேனெடுத்து, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளி மக்களுக்கு அந்தக் காடு பொழுதுபோக்குமிடம் அல்ல; அதுவே வீடும் களஞ்சியமும். நம் கேனிலிருந்து தப்பிய ஆவி ஒரு பொறியைச் சந்தித்தால், நாம் ஓட்டம் பிடிக்க ஜீப் இருக்கிறது. அவர்களுடைய குடிசையும் கொல்லையும் எங்கே ஓடும்? விருந்தாளியாகப் போகிறவன், போகும் வீட்டுக்கு நெருப்பைக் கொண்டுபோகலாகாது. டாங்கை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கேனைக் கூடுமானவரையில் வீட்டிலே விட்டுச் செல்லுங்கள்.