தோல் வேண்டாம், தாளம் மட்டும் போதுமா?

சென்னையில் சனி ஞாயிறு வந்தால் போதும், எங்காவது ஒரு 'பட்டறை' நடக்கிறது. அடையாறு, திருவான்மியூர், ஆழ்வார்பேட்டை பக்கம் மொட்டைமாடிகளிலும் காபிக் கடைகளிலும் வளர்ந்த மனிதர்கள் கூடி மண் பிசைகிறார்கள், துணியில் சாயம் அச்சடிக்கிறார்கள், நாடகப் பயிற்சி என்று தரையில் உருளுகிறார்கள், கவிதை எழுதப் பழகுகிறார்கள். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இறுகிப்போன மனசு இளகவேண்டும். இளகட்டும். வேலைக்குப் போகிற ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆட்டம் வேண்டும், பாட்டு வேண்டும், கைவேலை வேண்டும். இதில் நமக்கொன்றும் ஆட்சேபணை இல்லை. ஆனால் சில வருஷங்களாக இந்தப் பட்டியலில் பறையும் சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றிக் கறாராகப் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் இந்தச் சொல்லைப் பாருங்கள். பட்டறை யாருடைய சொல்? கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை, தோல் பட்டறை, லேத்துப் பட்டறை. உடம்பை வைத்துப் பிழைக்கிறவன் நின்ற இடத்துக்குப் பெயர் பட்டறை. அங்கே கை காய்த்துப்போகும். இன்றைக்கு அதே சொல் ஏசி ஹாலுக்குள் போய், அனுமதிக் கட்டணம் வாங்கி, மதியச் சாப்பாடும் போட்டு, மாலையில் சான்றிதழும் கொடுக்கிறது. சொல்லை எடுத்துக்கொண்டார்கள், அதில் நின்ற மனுஷன் வெளியிலேயே நிற்கிறான். பறைக்கும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

பறைப் பட்டறை அறிவிப்புகளை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே பாட்டுத்தான்: 'ஆதித்தமிழனின் ஆதி இசை', 'மன அழுத்தத்தை விரட்டும் அதிர்வு', 'இரண்டே நாளில் ஐந்து அடிகள்'. எம்.ஏ. வகுப்பில் எனக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தொல்காப்பியம் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது, ஐந்து திணைக்கும் பறை உண்டு என்று பேராசிரியர் பெருமையோடு சொல்வார். வகுப்பு முழுக்கக் குறிப்பெடுக்கும். சேரி எந்தத் திணை என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஈராயிரம் வருஷத்துப் பெருமை உண்டு; நேற்றைக்கு ஊரில் யார் சாவுக்கு யார் அடித்தார்கள் என்கிற கேள்வி மட்டும் கிடையாது.

எங்க ஊர் செங்கல்பட்டுப் பக்கம். எங்களுக்குள் 'பறை' என்ற சொல்லையே யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மோளம் என்றுதான் பேச்சு. அந்தச் சொல்லைச் சொன்னால் சாதிப் பெயர் காதில் விழும், வசவு காதில் விழும். ஊர்த்தெருவில் சாவு என்றால் எங்க அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஆள் வரும். "டேய், வாங்கடா" என்று கூப்பிடுகிறவன் என் வயசுப் பையனாக இருப்பான். காய்ச்சலாக இருந்தாலும் போகணும். வெயிலில் நாள் முழுக்க அடிக்கணும், பாடைக்கு முன்னால் ஆடிக்கொண்டு சுடுகாடு வரைக்கும் போகணும். கூலி என்று பேசி வாங்க முடியாது. கொடுத்ததுதான், அதுவும் கைபடாமல் கீழே போட்டதுதான். இது கலை இல்லை, வெட்டி வேலை. சாதி இட்ட கட்டளை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் எங்க தெருவில் இளவட்டங்கள் கூடி இனிமேல் ஊர்ச்சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ சேரிகளில் இப்படி முடிவெடுத்திருக்கிறார்கள். பறையைப் போட்டு உடைத்தவர்கள் உண்டு, கொளுத்தியவர்கள் உண்டு. அதற்காக அடி வாங்கியவர்கள், வேலை மறுக்கப்பட்டவர்கள், கடையில் சாமான் மறுக்கப்பட்டவர்கள் உண்டு. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாய வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. பிணம் தூக்கவும் குழி தோண்டவும் கட்டாயப்படுத்துவதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்க 2015ஆம் வருஷத்துத் திருத்தம் வரைக்கும் காத்திருக்கவேண்டியிருந்தது. ஒரு தாளத்தை அடிக்கமாட்டேன் என்று சொல்வதற்காக மண்டை உடைபட்ட வரலாறு இந்தக் கருவிக்குள் இருக்கிறது. 'ஐந்து அடிகள்' கற்றுத்தரும் பட்டறையில் இந்த அடியையும் யாராவது எண்ணுகிறார்களா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு பட்டறைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். 'சமூகப் பின்னணி' பற்றிப் பத்து நிமிஷம் பேசவேண்டும், "ரொம்ப சீரியஸா வேணாம் மேடம்" என்றார்கள். கட்டணம் இரண்டு நாளைக்கு 3,500 ரூபாய். அறிவிப்பில் அமைப்பாளரின் படம், பெயர், படிப்பு, போய்வந்த நாடுகள் எல்லாம் இருந்தன. சொல்லிக்கொடுக்க வந்தவர் அறுபது வயசு ஆசான். அவருக்கு அறிவிப்பில் பெயர் இல்லை, 'பாரம்பரியக் கலைஞர்' என்று மட்டும் போட்டிருந்தது. சாவு அடி வேண்டாம், நெகடிவா இருக்கும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் தலையாட்டிக்கொண்டார். கற்றுக்கொண்டவர்கள் நல்ல மனிதர்கள்தான். சிரித்தார்கள், ஆடினார்கள், காலில் விழுந்துகூடக் கும்பிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஆசான் என்னிடம் சொன்னார்: "எல்லாம் தங்கமான புள்ளைங்கம்மா. ஆனா ரெண்டு நாளா எந்த ஊரு, இன்னா தெருன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல. கேட்டுட்டா அந்தக் கும்புடு இருக்குமோ இருக்காதோ."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் 'கலைக்கு சாதி இல்லை' என்று யாரும் எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

அன்றைக்குக் கையில் கொடுத்த பறைகளைப் பார்த்தேன். பாதிக்குமேல் ஃபைபர் பறை. சூடு காட்டவேண்டாம், மழையில் நமுத்துப்போகாது, முக்கியமாக நாற்றம் இல்லை. வசதிதான், மறுக்கவில்லை, நம்முடைய குழுக்களே மழைக்காலத்தில் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் தோல் பறை எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லாமலே பட்டறை முடிந்துவிடுகிறது. செத்த மாட்டை யாரோ தூக்கினான். யாரோ உரித்தான். யாரோ சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் எடுத்தான். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டினான். அந்தக் கைகளைத்தான் தீட்டு என்றார்கள். இப்போது தோலும் வேண்டாம், தோலைத் தொட்ட கையும் வேண்டாம், தாளம் மட்டும் போதும் என்றால் அதற்கு என்ன பெயர்?

இது பறையோடு நிற்கிற விஷயமும் இல்லை. கர்நாடக மேடையின் நடுவில் உட்கார்ந்திருக்கிற மிருதங்கமும் மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும்தான். அதைச் செய்கிறவர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் புத்தகமாக எழுதினார். வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்திரா கடைசி நேரத்தில் ரத்து செய்தது. அரசு நிறுவனம், இணக்கத்தைக் கெடுக்கிற நிகழ்ச்சிக்கு இடம் தரமுடியாது என்று காரணம் சொன்னது. மிருதங்கம் உள்ளே வரலாம், அது எந்தத் தோல் என்கிற பேச்சு உள்ளே வரக்கூடாது. விழா வேறு இடத்தில் நடந்தது.

அந்த நிறுவனத்தின் பிறப்பும் நமக்கொரு பாடம். 1935இல் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திரா தொடங்கியது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். சதிர் என்ற பெயர் போய் பரதநாட்டியம் என்ற பெயர் வந்தது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வேண்டியதுதான், அந்த இழிவு ஒழியவேண்டியதுதான். ஆனால் இழிவை ஒழிக்கிறோம் என்ற பேரில் ஆடிய பெண்கள் மேடையைவிட்டு இறங்கினார்கள். ஆட்டம் மட்டும் மேல்சாதி வீட்டுப் பெண்களிடம் போய் 'தெய்வீகம்' ஆனது. இன்று நகரத்தில் சலங்கை கட்டுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கௌரி அம்மாள் பெயர் தெரியும்? பறைக்கு இன்னொரு நூறு வருஷம் கழித்து இதே கேள்வியை நம் பேரப்பிள்ளைகள் கேட்கும்படி விடப்போகிறோமா?

சிலர் கேட்கிறார்கள்: 'பறை மேல் இருக்கிற இழிவு போகணும்னு நீங்கதானே போராடினீங்க? இப்ப எல்லாரும் அடிக்கிறாங்க, அது வெற்றி இல்லையா?' கேட்க நன்றாக இருக்கிறது. இழிவு எதன்மேல் இருந்தது? தோலின்மேலா, மனுஷன்மேலா? கருவி மேடை ஏறிவிட்டது. அதை அடித்தவன் ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க இன்னும் வழக்குப் போடவேண்டியிருக்கிற ஊர்கள் இருக்கின்றன. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தோம். சந்தோஷம் உண்மையான சந்தோஷம். அதே வருஷம் சாவுக்கு அடிக்கச் சொல்லி ஆள் அனுப்புகிற ஊர் இல்லாமல் போய்விட்டதா? விருது ஒருவருக்கு; விலங்கு பலருக்கு.

இன்னொரு கேள்வி நம் பக்கத்திலிருந்தே வருகிறது. 'அப்படீன்னா அவங்களுக்குச் சொல்லித்தரவே வேணாமா? எரிச்சுடலாமா?' எரித்தவர்களின் நியாயத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் எரிக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். மதுரையில் தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களில் பறை போராட்டக் கருவியாக முழங்கியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை இடுப்பில் கட்டி ஆடினார்கள். எங்க அப்பா என்னை அந்தக் கருவியைத் தொடவிட்டதே இல்லை. பொம்பளப் புள்ள தொடக்கூடாது என்பார். அந்தப் பெண்களின் ஆட்டத்தைப் பார்த்த நாளில்தான் சாதியும் ஆண்திமிரும் ஒரே வாரில் இழுத்துக் கட்டியவை என்று எனக்கு விளங்கியது. கே.ஏ. குணசேகரன் பாட்டையும் ஆராய்ச்சியையும் நாடகத்தையும் சேர்த்து தலித் அரங்கு என்று ஒன்றைக் கட்டினார். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது சாவு வீட்டுக் கானாவும் பறையும் கிட்டாரும் ஒரே வரிசையில் நின்றன. சாதியை மறைத்துக்கொண்டு அல்ல, பெயரிலேயே சொல்லிக்கொண்டு.

வேலை முடிந்து வந்து வளர்ந்தவர்கள் கூடிக் கற்பது நமக்கு யாரும் இறக்குமதி செய்து தரவேண்டிய பழக்கமும் இல்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்; 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. கோலார் தங்கவயல் வரைக்கும் உழைக்கிற சனம் கூடி உட்கார்ந்து படித்தது, விவாதித்தது. அதற்கு அனுமதிக் கட்டணமும் இல்லை, மன அழுத்தம் தீரும் என்ற விளம்பரமும் இல்லை. மனுஷனாக நிமிர்வதற்காகக் கூடினார்கள்.

இன்றைக்குக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட நம் பெண்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து நகரத்துக்கு வந்து வீட்டுவேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். அவர்களுக்கு மன அழுத்தம் இல்லையா? 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. பார்க்க அழகுதான், பலரும் வந்து படமெடுத்துப் போனார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற அக்கா ஞாயிற்றுக்கிழமை தூரிகை பிடிக்க, பாட, நாடகம் போட ஒரு கூடம் எங்கே? கலை மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு, நமக்கு வேடிக்கை, அவ்வளவுதானா?

ஆகவே பட்டறை நடத்துகிறவர்களுக்குத் தெளிவாகச் சொல்கிறோம். கற்றுக்கொள்ள யார் வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் ஆசானின் பெயரும் ஊரும் அறிவிப்பில் முதலில் இருக்கவேண்டும். வசூலாகும் பணத்தில் பெரும்பங்கு சொல்லிக்கொடுக்கிறவருக்குப் போகவேண்டும். கணக்கை அவரிடம் காட்டவேண்டும். சாவு அடியைச் சொல்லித்தரவேண்டும். அதை அடிக்க மறுத்தவர்களின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வருஷத்தில் சில பட்டறைகளாவது கட்டணம் இல்லாமல் பெரும்பாக்கத்திலும் வியாசர்பாடியிலும் நடக்கவேண்டும், அங்கிருக்கிறவர்களுக்கு வசதியான நேரத்தில். நம்முடைய கலைக்குழுத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: கூலி பேசக் கூச்சப்படாதீர்கள். நம் அப்பன்களுக்குப் பேச வாய்ப்பே இருந்ததில்லை.

இதைப் படிக்கிற மாணவர்களே, உங்களில் பலர் அடுத்த பட்டறைக்குப் பணம் கட்டத்தான் போகிறீர்கள். கட்டுமுன் அறிவிப்பைப் பாருங்கள். ஆசான் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்கள். சாவு அடி உண்டா என்று கேளுங்கள். அவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு அந்த ஆசானின் வீட்டு விலாசத்தை விசாரித்து நேராக அவரிடம் போங்கள். போய் முதலில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகும் கும்பிடுங்கள்.