நடப்பவர்களை வெளியேற்றிவிட்டு நடைபாதை யாருக்கு?

2017 செப்டம்பர் 29 காலை மும்பையில் கனமழை பெய்தது. எல்பின்ஸ்டன் ரோடு, பரேல் ஆகிய இரு ரயில் நிலையங்களை இணைத்த குறுகலான நடைமேம்பாலத்தின் படிக்கட்டில், மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் அடுத்தடுத்து வந்த ரயில்களிலிருந்து இறங்கியவர்களும் நெருக்கியடித்து நின்றனர். அந்த நெரிசலில் 23 உயிர்கள் பறிபோயின. வேலைக்குப் போகும் வழியில் உழைப்பாளிகள் மிதிபட்டு இறந்தனர்.

அந்தப் படிக்கட்டு பஞ்சாலைத் தொழிலாளர்களின் ‘கிரண்காவ்’ காலத்துக்குரியது. 1982 வேலைநிறுத்தத்திற்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலங்களில் மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கும், இன்னொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் வரவேண்டும் என்றே 1991ஆம் ஆண்டின் விதி கூறியது. 2001இல் அந்த விதி திருத்தப்பட்டது. கட்டடங்கள் நின்ற இடம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, காலியாகக் கிடந்த பகுதியில் மட்டும் பங்கு தந்தால் போதும் என்றானது. 2006இல் உச்சநீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. ஆலைப் புகைபோக்கிகள் நின்ற இடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. பல மடங்கு பெருகிய அலுவலகக் கூட்டம் பழைய படிக்கட்டிலேயே ஏறி இறங்கியது. நிலத்தின் லாபம் தனியாருக்குச் சென்றது. நெரிசல் மட்டும் பொதுமக்களின் பங்காக வந்து சேர்ந்தது. உயிர்கள் போன பிறகு ராணுவத்தை அழைத்துச் சில மாதங்களில் புதிய பாலம் கட்ட முடிந்தது என்பதையும் மறக்கலாகாது. பாலம் கட்டும் வல்லமை அரசிடம் இருந்தது. நடப்பவரைப் பற்றிய அக்கறைதான் இல்லை.

சுரங்க நடைபாதை, பன்முகப் போக்குவரத்து மையம், மெட்ரோ நிலையத்திலிருந்து நேரடி இணைப்பு என்ற சொற்களெல்லாம் இன்று மும்பையில் மறுசீரமைப்பின் விளம்பர மொழியாகிவிட்ட நிலையில், பரேலின் இந்தப் பாடத்தைத் தாராவியின் உழைக்கும் மக்கள் நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

நிலத்தடியில் கொட்டப்படும் பணம்

மும்பையின் முதல் நிலத்தடி மெட்ரோவான மூன்றாம் தடம் 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. 33.5 கிலோமீட்டர் நீளம், 27 நிலையங்கள். ஜப்பானியக் கடன் உள்ளிட்ட ஏறத்தாழ ரூ.37,000 கோடி பொதுப்பணம் அதில் செலவிடப்பட்டுள்ளது. பாந்திரா-குர்லா வளாகத்தில் புல்லட் ரயிலுக்கான நிலையமும் நிலத்துக்கு அடியில்தான் எழுகிறது. அதன் நுழைவாயில்களில் ஒன்று மெட்ரோவை நோக்கியே திட்டமிடப்பட்டுள்ளது. மகாலட்சுமி குதிரைப்பந்தயத் திடலின் 120 ஏக்கரையும் கடற்கரைச் சாலையை ஒட்டிய 175 ஏக்கரையும் சேர்த்துப் பெரும் பூங்கா அமைத்து, இரண்டையும் நிலத்தடி வழியால் இணைக்கும் திட்டத்தை மாநகராட்சி அறிவித்துள்ளது. பாந்திராவிலிருந்து குர்லாவரை அந்த வணிக வளாகத்தின் ஊழியர்களுக்காக ரூ.1,016 கோடி மதிப்பில் ‘பாட் டாக்சி’ என்ற உயர்தடச் சிறு வண்டித் திட்டமும் ஒப்புதல் பெற்றிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரே கோலால் அளக்க முடியாது. ஒரு ரயில் நிலையத்திலிருந்து இன்னொரு ரயில் நிலையத்துக்கு மழையில் நனையாமல், வாகனங்களுக்கு அஞ்சாமல் மாறிச் செல்லும் சுரங்க வழி பொதுப்பணத்தில் கட்டப்பட வேண்டியதே. சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் சுரங்கப்பாதை ஒவ்வொரு நாளும் பெருந்திரளான உழைப்பாளிகளைச் சாலையின் மறுபுறம் சேர்க்கிறது. அதை எவரும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள். நிலையத்தில் தொடங்கித் தனியார் வணிக வளாகத்தின் தரைக்கீழ்த் தளத்தில் போய் முடியும் வழிதான் கேள்விக்குரியது. மேலே உள்ள கடைகளின் வாடகையும் அலுவலகத் தளங்களின் விலையும் அதனால் உயர்கின்றன. உயர்ந்த விலை கட்டுமான நிறுவனத்தின் கணக்கில் சேரும்போது, குழி தோண்டிய செலவு மட்டும் வரி செலுத்துவோரின் கணக்கில் ஏன் எழுதப்பட வேண்டும்?

வட அமெரிக்காவில் இத்தகைய வழிகள் பல பத்தாண்டுகளாக உள்ளன. டொரோண்டோவின் ‘பாத்’ என்ற நிலத்தடி நடைவழிக் கட்டமைப்பு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதன் பெரும்பகுதி மேலே நிற்கும் கட்டட உரிமையாளர்களின் சொத்து. ஹூஸ்டன் நகரின் சுரங்கப்பாதைகளில் பெரும்பாலானவை அலுவலக நேரம் முடிந்ததும் பூட்டப்படுகின்றன. அலுவலக ஊழியர் குளிரூட்டப்பட்ட தளத்தில் நடக்க, பேருந்துக்குக் காத்திருப்பவர் வெயிலில் மேலே நிற்கிறார். நடைபாதை என்பது பொதுவெளி. அதற்குக் கதவும் பூட்டும் காவலாளியும் வந்துவிட்டால் அது கடைக்கூடத்தின் தாழ்வாரமாகிவிடும். (சோவியத் மாஸ்கோவிலும் அகன்ற சாலைகளில் கார்கள் தடையின்றி ஓடுவதற்காக நடப்பவர்களைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். அந்தத் தவறு முதலாளித்துவ நகரங்களுக்கு மட்டுமே உரியதல்ல என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.)

மும்பையில் இன்னொரு கேள்வியும் உண்டு: தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மிட்டி ஆற்றங்கரைகள் மூழ்கியதைத் தாராவியும் மாஹிமும் மறக்கவில்லை. மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான் ஆகியவை ஒவ்வொரு மழைக்காலத்திலும் தேங்கிய நீரால் செய்தியாகும் இடங்கள். 2025 மே 10 அன்று திறக்கப்பட்ட ஆச்சார்ய அத்ரே சௌக் மெட்ரோ நிலையம் 16 நாட்களில், மே 26 அன்று, வெள்ளத்தில் மூழ்கிச் சேவை நிறுத்தப்பட்டது. கட்டி முடிக்கப்படாத நுழைவாயில் வழியே நீர் உள்ளே பாய்ந்ததாக நிர்வாகமே விளக்கம் அளித்தது. ஐக்கிய மகாராஷ்டிர இயக்கத்தில் கம்யூனிஸ்ட் தலைவர்களோடு தோளோடு தோள் நின்ற அத்ரேயின் பெயருக்கு முன்னால், விளம்பரக் கட்டணத்துக்காக ஒரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தின் பெயரை ஒட்டியிருப்பது வேறு கதை. தாழ்நிலத்தில் தோண்டும் ஒவ்வொரு சுரங்க வழிக்கும் நீரேற்றும் இயந்திரமும் மின்சாரமும் இரவுபகல் பராமரிப்பும் காலமெல்லாம் தேவை. கட்டும்போது தனியார் பங்களிப்பு என்று சொல்லப்பட்டாலும், ஆண்டுதோறும் வரும் இந்தச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தலைக்கு மேலே நடந்த சோதனையின் முடிவும் கண்முன் உள்ளது. மும்பை பெருநகர வளர்ச்சி ஆணையம் 2008 முதல் ‘ஸ்கைவாக்’ என்ற உயர்நடைபாதைகளைக் கட்டித் தள்ளியது. முதலாவது, பாந்திரா கிழக்கு நிலையத்திலிருந்து கலாநகர் வரை அமைந்தது. பெருஞ்செலவில் எழுந்த அந்த இரும்பு வழி 2019இல் பாதுகாப்பற்றது என்று மூடப்பட்டது, பின்னர் இடிக்கப்பட்டது. கீழே நடைபாதை அகலமாகவில்லை. அதே 2019 மார்ச் 14 அன்று சிவாஜி முனையத்தை ஒட்டிய ஹிமாலயா நடைமேம்பாலம் இடிந்து விழுந்தது. இறந்தவர்களில் இரவுப் பணிக்குச் சென்றுகொண்டிருந்த செவிலியர்களும் இருந்தனர். அந்த இடத்தில் மீண்டும் ஒரு பாலம் திறக்க 2023 வரை ஆனது. எளிய, அன்றாட நடைவழிகளுக்கு நான்கு ஆண்டு. காட்சிப்பொருளான திட்டங்களுக்கு உடனடி ஒப்புதல்!

தாராவி ஏற்கெனவே நடக்கும் நகரம்

மும்பை பெருநகரின் மொத்தப் பயணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கால்நடையாகவே நிகழ்கின்றன என்று 2008இல் வெளியான அரசின் போக்குவரத்து ஆய்வே கூறியது. தாராவியில் இதற்கு ஆய்வும் தேவையில்லை. விடியலுக்கு முன்பே 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் இட்லி வேகிறது. பாத்திரங்களைத் தலையிலும் சைக்கிளிலும் ஏற்றிக்கொண்டு தமிழ் உழைப்பாளிகள் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் மாஹிமுக்கும் புறப்படுகின்றனர். தோல் பட்டறைக்கும் தையல் கூடத்துக்கும் கும்பார்வாடாவின் சூளைக்கும் மக்கள் நடந்தே செல்கின்றனர். பிள்ளைகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு நடக்கின்றனர். நோயாளிகள் சயான் மருத்துவமனைக்கு நடக்கின்றனர். வீடும் வேலையும் சில நூறு அடித் தொலைவில் இருப்பதே சுமார் 600 ஏக்கர் தாராவியின் பொருளாதாரம். பேருந்துக் கட்டணம் இல்லை என்பதுதான் அங்கே கூலியில் மிஞ்சும் பகுதி.

இந்த நடையைத்தான் மறுசீரமைப்புத் திட்டம் குலைக்கிறது. 2022 நவம்பரில் ரூ.5,069 கோடி என்ற ஏலத் தொகையுடன் அதானி குழுமம் திட்டத்தைக் கைப்பற்றியது. முந்தைய ஏலத்தில் ரூ.7,200 கோடி கேட்ட நிறுவனம் இருந்தும் அந்த ஏலம் ரத்து செய்யப்பட்டிருந்தது. திட்ட நிறுவனத்தில் 80 விழுக்காடு அதானியுடையது. மாநில அரசுக்கு 20 விழுக்காடு. 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் தாராவிக்குள் 350 சதுர அடி. 2000 முதல் 2011 வரை வந்தவர்கள் ரூ.2.5 லட்சம் செலுத்தி 300 சதுர அடியைத் தாராவிக்கு வெளியே பெறலாம். மாடிகளில் குடியிருப்பவர்களுக்கும் அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் வெளியிடங்களில் வாடகைத் தவணை வீடுதான். அந்த வெளியிடங்கள் எவை? முலுண்ட் முதலிய இடங்களின் உப்பள நிலங்கள், குர்லாவின் பால்பண்ணை நிலம், தேவ்னார் குப்பைக் கிடங்கின் 124 ஏக்கர்.

அந்தக் குப்பைக் கிடங்கைச் சுத்தப்படுத்துவதற்கு மாநகராட்சி ரூ.2,300 கோடிக்கும் மேல் ஒப்பந்தம் கோரியது. தனியார் திட்டத்துக்குத் தேவைப்படும் நிலத்திலிருந்து குப்பையை அகற்ற மக்களின் வரிப்பணம்! மும்பையில் பிற கட்டுமான நிறுவனங்கள் கூடுதல் கட்டட உரிமை வாங்கும்போது முதல் 40 விழுக்காட்டைத் தாராவித் திட்டத்திடமிருந்தே வாங்க வேண்டும் என்ற 2023ஆம் ஆண்டின் ஆணை, அதானி குழுமத்துக்கு உறுதியான சந்தையையும் ஏற்படுத்தித் தந்துள்ளது. 2025 மே மாதம் முதலமைச்சர் பட்னாவிஸ் தாராவியின் முதன்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். மாநகராட்சி 2022 மார்ச் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இன்றி நிர்வாகியின் கையில் இருந்த காலத்தில்தான் இந்த முடிவுகள் எடுக்கப்பட்டன.

நடந்து வேலைக்குப் போகும் குடும்பங்கள் தேவ்னாருக்கும் முலுண்டுக்கும் அனுப்பப்படுகின்றன. அவர்கள் காலி செய்யும் இடத்தில் எழும் வணிகக் கோபுரங்களுக்கு மெட்ரோவிலிருந்து இதமான நடைவழி. இட்லிப் பாத்திரத்தோடு மூன்று ரயில் மாறி வரும் பெண்ணை அந்த வழியின் காவலாளி உள்ளே விடுவாரா? 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அந்தச் சுரங்கத்துக்குள் செல்லுபடியாகுமா? தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே 14 அன்று உச்சநீதிமன்றம் கூறியது. 1985இல் இதே மும்பையின் நடைபாதைவாசிகளின் வழக்கில், வாழ்வாதாரமும் அதே உரிமையின் பகுதி என்று கூறப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒரு தொழிலாளி வேலையிடத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் வாழ்வதே முதல் நடைபாதை உரிமை.

செம்பூரின் தமிழர்களுக்கு இது புதிய செய்தியல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், அணுசக்தி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டு அங்கிருந்த மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டனர். பின்னாளில் குடிநீர்க் குழாயோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய மாஹுலில் குடியேற்றப்பட்டனர். அங்குள்ள காற்றின் மாசை எதிர்த்து அவர்கள் உயர்நீதிமன்றம் வரை போராட நேர்ந்தது. செம்பூருக்கு வந்த பெருஞ்செலவு மோனோரயில் 2025 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நடுவழியில் நின்று, அடுத்த மாதமே சேவையை நிறுத்திக்கொண்டது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு ‘போக்குவரத்து வசதி செய்து தரப்படும்’ என்ற வாக்குறுதியின் மதிப்பு இவ்வளவுதான்.

ஆகவே கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். குடியிருப்போர் அனைவருக்கும் தாராவிக்குள்ளேயே மறுவாழ்வு என்ற தாராவி பச்சாவ் ஆந்தோலனின் கோரிக்கைக்குத்தான் முதலிடம். அடுத்து, வணிக வளாகத்தில் முடியும் எந்த நிலத்தடி, உயர்நிலை வழிக்கும் கட்டுமானச் செலவையும் பராமரிப்புச் செலவையும் திட்ட நிறுவனமே ஏற்க வேண்டும்; அதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்பு தரக் கூடாது. அவ்வழி 24 மணி நேரமும் அனைவருக்கும் திறந்திருப்பது பொதுப்பாதை உரிமையாகப் பத்திரத்தில் பதிவாக வேண்டும். பொதுப்பணம் முதலில் 60 அடிச் சாலையிலும் 90 அடிச் சாலையிலும் சமதளத்தில் அகலமான நடைபாதைக்கும், மாஹிம், சயான், மாட்டுங்கா நிலையங்களுக்குச் செல்லும் பாலங்களுக்கும் செலவாக வேண்டும். நூற்றாண்டைக் கடந்த சயான் சாலை மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 1 அன்று மூடப்பட்டபோது, மருத்துவமனைக்கும் ரயிலுக்கும் சுற்றுவழி தேடியது தாராவியின் மக்களே.

இந்த வழிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, எவ்வளவு செலவு, யார் கொடுப்பது என்ற விவரங்களுடன் முதன்மைத் திட்டத்தின் வரைபடங்கள் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் ஒவ்வொரு சந்தின் முனையிலும் ஒட்டப்பட வேண்டும். லேபர் கேம்ப்பிலிருந்து கோலிவாடா வரை கிளைத் தோழர்கள் கையெழுத்து இயக்கத்துக்குச் செல்லும்போது, ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வீட்டிலிருந்து எத்தனை பேர், எங்கே நடந்து வேலைக்குப் போகிறார்கள்? அரசு அந்தக் கணக்கை எடுக்காவிட்டால் கட்சி எடுக்கட்டும்.