காட்டுக்குப் போக மிலிட்டரி டிசைன் வேண்டியதில்லை

மலையேறவோ பறவை பார்க்கவோ புதிதாகக் கிளம்பும் ஒருவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஒரு கேமோ செட் வாங்கிக்கோங்க" என்பதுதான். பச்சையும் பழுப்பும் கறுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த சட்டை, அதே அச்சில் பேண்ட், தொப்பி, முதுகுப்பை. கேமரா லென்ஸுக்குக்கூட இப்போது அந்த அச்சில் உறை வந்துவிட்டது. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் இந்த அறிவுரையைத் தாங்கிப் பிடிக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்பதில்லை. காசு வீணாவதோடு முடிந்திருந்தால் விட்டுவிடலாம். நம் காடுகளில் அது ஆளையே ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும் என்பதால்தான் விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

"அதைப் போட்டால் விலங்குகள் கண்ணுக்குத் தெரிய மாட்டோம்" என்பது முதல் காரணம். எந்த விலங்கின் கண்ணுக்கு? ராணுவ அச்சுகள் எல்லாமே மனிதக் கண்ணை ஏமாற்ற வரையப்பட்டவை. நமக்கு நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மான் குலத்தில் இதுவரை ஆராயப்பட்டவற்றுக்கு இரண்டே வகை. ஜெரால்ட் ஜேக்கப்ஸ் குழுவினர் வெள்ளைவால் மானையும் ஃபாலோ மானையும் ஆராய்ந்து 1994-இல் இதை வெளியிட்டார்கள். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எல்லாம் அவற்றுக்கு ஏறக்குறைய ஒரே சாயல். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் மேலாடை அணிய வேண்டும் என்று சட்டமே இருப்பது இதனால்தான். இன்னொரு வேட்டைக்காரர் பார்த்துச் சுதாரித்துக்கொள்வார். மான் அந்த நிறத்தைப் பொருட்படுத்தாது.

நம் காட்டிலேயே இதற்குப் பெரிய சாட்சி உலவுகிறது. ஆரஞ்சு நிறப் புலி பச்சைக் காட்டில் எப்படி மறைகிறது என்ற பழைய கேள்விக்கு 2019-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி வழியாக விடை கண்டார்கள். இரு வகைக் கூம்பு மட்டுமே உள்ள கண்ணுக்கு அந்த ஆரஞ்சு, பச்சையாகவே விழுகிறது. புள்ளிமானும் கடமானும் காண்பது பச்சைப் புலியை. ஆனால் அதே மரத்தடிக்கு மேலே கிளையில் இருக்கும் மந்திக்கு இந்த மறைப்பு செல்லாது. இந்தியக் குரங்கினங்களுக்கு நம்மைப் போலவே மூன்று வகைக் கூம்புகள். அது ஆரஞ்சை ஆரஞ்சாகவே பார்த்துக் குரல் கொடுக்கிறது. கீழே மான்கள் அந்தக் குரலைக் கேட்டு ஓடுகின்றன.

இப்போது மிலிட்டரி சட்டை போட்டவரை அந்த மரத்தடியில் நிறுத்திப் பாருங்கள். மானுக்கு அச்சில் உள்ள பச்சையும் பழுப்பும் பெரிய வேறுபாடு இல்லாத ஒரே மங்கலாகத் தெரியும். மானைத் தொந்தரவு செய்வது வேறு இரண்டு: அசைவு, நீலம். நீல ஒளியை அது நம்மைவிட நன்றாக உணர்கிறது. சட்டை ராணுவ அச்சிலும் கால்சட்டை நீல ஜீன்ஸுமாகப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மறைக்க வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததை மறைத்திருப்பார்கள். சலவைத்தூள் இன்னொரு சிக்கல். துணியைப் பளிச்சென்று காட்ட அதில் சேர்க்கும் ஒளிர்வூட்டிகள், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடுகின்றன. விடியலிலும் அந்தியிலும், அதாவது நாம் மான் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில், அந்தப் பளிச்சு எடுப்பாகத் தெரியும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய அச்சை ஒரே துவைப்பில் கெடுத்துக்கொள்ளலாம்.

பறவைகள் கதை இன்னும் தூரம். அவற்றுக்கு நான்கு வகைக் கூம்புகள். பல இனங்களுக்குப் புற ஊதாவே ஒரு நிறம். நமக்கு இலைப்பச்சையாகத் தெரியும் சாயம் அவற்றுக்கும் இலையாகவே தெரியும் என்று எந்தக் கடைக்காரரும் உறுதி கூற முடியாது.

யானையிடம் நிறத்தை வைத்து மறைவதைப் பற்றிப் பேசுவதே வீண். மனிதருக்குச் சுமார் 400 மோப்ப ஏற்பி மரபணுக்கள் இருக்க, ஆப்பிரிக்க யானைக்கு ஏறத்தாழ 2,000 என்று 2014-இல் ஒரு மரபணு ஆய்வு கண்டது. கென்யாவின் அம்போசெலியில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், யானைகளை ஈட்டியால் குத்தும் வழக்கமுள்ள மாசாய் மக்கள் உடுத்திய துணியின் வாடை பட்டதும் யானைக் கூட்டங்கள் விரைந்து விலகின. வேளாண் குடிகளான காம்பா மக்களின் துணிக்கு அவ்வளவு அஞ்சவில்லை. ஆளின் வாடையிலிருந்தே அவர் எந்தக் குலத்தார் என்று பிரித்தறியும் ஒரு உயிரிடம் பச்சைத் திட்டுகளை நம்பி நிற்பது விவேகமல்ல. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்ப்பது எந்தச் சட்டையையும்விட மேல்.

அடுத்தது, "ராணுவமே போடுகிறதே, வனத்துறையின் ரோந்துக் காவலர்கள்கூடச் சில இடங்களில் போடுகிறார்களே" என்ற வாதம். ஆம், போடுகிறார்கள். அவர்கள் மறைவது எதிரி வீரனிடமிருந்து, வேட்டைக் கும்பலிடமிருந்து. இரண்டுமே மனிதக் கண்கள். இரவுப் பார்வைக் கருவிகளையும் கணக்கில் கொண்டு, அகச்சிவப்பில் இலையை ஒத்துத் தெரியும்படி ராணுவத் துணிக்குச் சாயம் தேர்கிறார்கள். சந்தையில் தொங்கும் நகலில் அந்தக் கவனத்தை எதிர்பார்க்க முடியாது.

ராணுவங்களே இதில் தவறியிருக்கின்றன என்பதைக் கேமோ விற்பவர்கள் சொல்வதில்லை. அமெரிக்கத் தரைப்படை 2004-இல் காடு, பாலை, நகரம் மூன்றுக்கும் ஒன்றே போதும் என்று சாம்பல் பச்சையில் சின்னச் சின்னக் கட்டங்களாலான ஓர் அச்சை அறிவித்தது. ஆப்கானிஸ்தான் மலைகளில் அது எடுபடவில்லை. எட்ட நின்று பார்த்தால் கட்டங்கள் எல்லாம் கலந்து வெளிறிய ஒற்றைத் திட்டாகிவிடும். 2010-இல் ஆப்கானிஸ்தானுக்குப் போகும் படையினருக்கு வேறு அச்சு கொடுக்க வேண்டியதாயிற்று. 2015-இல் எல்லோருக்குமாகப் புதியது வந்தது, 2019 அக்டோபரோடு பழையது அடியோடு ஒழிந்தது. ஆப்கான் ராணுவத்தின் கதை இதைவிட வருத்தமானது. அந்நாட்டில் காடு 2.1 சதவீதம்தான். ஆனாலும் 2007-இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போன ஒரு காட்டு அச்சையே படைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தனியார் உரிமை பெற்ற அச்சு என்பதால் 2.6 முதல் 2.8 கோடி டாலர் வரை கூடுதலாகச் செலவானதாக, ஆப்கான் மறுகட்டமைப்புக்கான அமெரிக்கச் சிறப்புத் தணிக்கையாளர் 2017-இல் அறிக்கை கொடுத்தார். அந்த நிலத்தில் அச்சு பயன்படுமா என்று முன்கூட்டி யாரும் சோதித்திருக்கவில்லை.

இந்த இரண்டிலிருந்தும் நமக்கு ஒரு கேள்வி வருகிறது. மசினகுடியின் முள்காட்டில் தொடங்கி, அங்கிருந்து மலையேறி நீலகிரியின் சோலைக்கும் புல்வெளிக்கும் போகிறவர் ஒரே நாளில் மூன்று நிலங்களைக் கடக்கிறார். முதுமலையின் இலையுதிர் காடு அக்டோபரில் பச்சை, பிப்ரவரியில் சருகு நிறம். எந்த அச்சு இத்தனைக்கும் ஈடுகொடுக்கும்? திட்டுகள் உடலின் விளிம்பை வெட்டிக் காட்டி உருவத்தைச் சிதைக்கும் என்ற கொள்கை உண்மைதான். அந்துப்பூச்சி வடிவில் அட்டை வெட்டி, ஓக் மரப்பட்டையில் பொருத்தி, பறவைகள் எதைக் கொத்துகின்றன என்று பார்த்து, இன்னஸ் கதில் குழு 2005-இல் அதை அழகாக நிறுவியது. ஆனால் அந்த அட்டைகள் அசையாதவை, பொருத்தப்பட்ட மரத்துக்கென்றே வரையப்பட்டவை. நடந்து போகும் மனிதர் இரண்டுமல்ல. நூறு மீட்டருக்கு அப்பால் நுண்ணிய திட்டுகள் கலந்து ஒரே மங்கலாகிவிடும் என்றால், அந்த மங்கலையே முதலில் வாங்கிக்கொள்ளலாமே. மண் நிறம், சருகு நிறம், ஆலிவ் பச்சை போன்ற ஒற்றை நிறத் துணி எல்லா நிலத்துக்கும் ஓரளவு பொருந்தும். விலையும் குறைவு.

"மிலிட்டரி கிரேட், அதனால் உறுதியானது" என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்தப் பெயரில் கடைச் சட்டைக்கு எந்தத் தரச்சான்றும் கிடையாது. 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தன்று இந்தியத் தரைப்படை அறிமுகம் செய்த புதிய சீருடைக்குப் பருத்தி 70, பாலியஸ்டர் 30 என்ற கலவையைத் தேர்ந்தார்கள். கடையில் அதே தோற்றத்தில் விற்பது முழு பாலியஸ்டராக இருந்தால் வியர்வையை உறிஞ்சாது, நடக்கும்போது சரசரக்கும், தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். ஒட்டுப்பட்டை வைத்த பைகள் இன்னொரு தொல்லை. அமைதியான காலையில் வெல்க்ரோவைப் பிய்க்கும் ஓசைக்கு ஒரு குன்றே திரும்பிப் பார்க்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, "மறைந்திருந்தால் பாதுகாப்பு" என்ற எண்ணம். நம் காடுகளில் நேர்மாறு. கரடிக்குப் பார்வை மந்தம். புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும் அதன் அருகில் ஓசையில்லாமல் போய் நின்றால், அது திடுக்கிட்டுப் பாயும். காட்டுமாடும் தனி யானையும் அப்படித்தான், எதிர்பாராத நெருக்கமே தாக்குதலில் முடிகிறது. உண்ணிச்செடிப் புதர் மண்டிய தடத்தில் வளைவுக்கு முன் மெல்லப் பேசிக்கொண்டோ, கைத்தடியைத் தட்டிக்கொண்டோ போவதே நல்லது. வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்குக் குறுஞ்செய்தியிலும் சிவப்பு விளக்கிலும் தெரிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்பதே அங்கே உயிர் காக்கும் வழி.

ஆள் வழிதவறினாலும் விழுந்து அடிபட்டாலும் அதே நிலைதான். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்தபோது, இருட்டிலும் சரிவிலும் அவர்களைத் தேடித்தான் மீட்க வேண்டியிருந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அவர்கள் உடுத்தியிருந்தது பற்றிச் சொல்ல இங்கே எதுவுமில்லை. தேடுவோருக்கு மேலிருந்து ஒரு துண்டு ஆரஞ்சுத் துணி தெரிவதற்கும், இலைக்குள் இலையாக ஒருவர் கிடப்பதற்கும் எத்தனை மணி நேர வேறுபாடு என்பதை மட்டும் ஒவ்வொரு மலையேற்றக் குழுத் தலைவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

"சாதாரணச் சட்டைதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்பவர்களுக்குச் சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். படைவீரர் என்று பிறர் நம்பும் நோக்கத்தோடு படையினர் உடையை ஒத்ததை அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் இல்லாதவர் குற்றவாளி அல்ல, சரி. ஆனால் 2016 ஜனவரியில் பதான்கோட் விமானத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதன் பிறகு, பொதுமக்கள் அந்த உடையை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று தரைப்படை கேட்டுக்கொண்டது. 2022-இன் புதிய அச்சையோ வடிவமைப்பு உரிமைக்கே பதிவு செய்திருக்கிறார்கள். அதன் நகலை விற்பதே சட்டமீறல். எல்லை மாவட்டங்களில் பறவை பார்க்கப் போகிறவர் இதை இரட்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டில் கண்டிப்பு இன்னும் அதிகம். சஃபாரிக்கு ஜிம்பாப்வே, ஜாம்பியா போகிறவர்களும், கிரிக்கெட் பார்க்க பார்படோஸ், டிரினிடாட் போகிறவர்களும் இந்த அச்சில் ஒரு கைக்குட்டைகூடப் பெட்டியில் வைக்காமலிருப்பது நல்லது. பார்படோஸில் குழந்தைகள் அணிந்தாலும் குற்றம்.

உருமறைப்பு எங்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. குளக்கரையில் மறைவுக் கூடாரம் போட்டு, மணிக்கணக்கில் அசையாமல், ஒரே பின்புலத்தில் உட்காரும் புகைப்படக்காரருக்கு, அந்த இடத்துக்குப் பொருந்தும் அச்சிட்ட வலைத்துணி பயன்படும். அங்கேயும் சட்டையைவிட முகமும் கையுமே முதலில் காட்டிக்கொடுக்கும். ஒரு மங்கல் நிறத் துண்டும் கையுறையும் அதற்குப் போதும்.

மற்றவர்கள் கடைக்குப் போகும்போது அச்சைப் பார்க்காமல் துணியைப் பாருங்கள். பருத்தி கலந்த, சீக்கிரம் உலரும், முழுக்கைச் சட்டை. கக்கத்திலும் முழங்காலிலும் தாராளமாக இருக்க வேண்டும். கால்சட்டை சற்று வெளிர் மண் நிறமாக இருந்தால் உண்ணியும் அட்டையும் ஏறுவது உடனே கண்ணில் படும். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அட்டைக் காலுறை கட்டாயம். பையின் அடியில் பளிச்சென்ற ஆரஞ்சு மழைக்கோட்டு ஒன்று மடித்துக் கிடக்கட்டும், வேண்டாதவரை அது வெளியே வராது. வீட்டுக்கு வந்ததும், கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் சட்டைமேல் காட்டுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் சலவைத்தூளை மாற்றுங்கள். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் சில முறை அலசி, ஒளிர்வு குறைகிறதா என்று மறுபடி பாருங்கள்.