முட்டி வலிக்கு ஸ்ப்ரே மட்டும் போதுமா?

நம்ம கிரவுண்டுல யாராவது முட்டி வலின்னு சொன்னா ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு ஸ்ப்ரே. இன்னொண்ணு, "ஸோனல் முடியட்டும் மச்சி, பாத்துக்கலாம்." இந்த ரெண்டாவது பதில்தான் ஆபத்து.

எல்லா முட்டி வலியும் பெரிய நோய் கிடையாது. ஆனால் பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள், அதுவும் விளையாடுகிற பசங்களுக்கு வரும் ஒரு கோளாறு உண்டு. பெயர் ஆஸ்டியோகாண்ட்ரைடிஸ் டிசெக்கன்ஸ். 1880களில் ஃபிரான்ஸ் கோனிக் என்ற ஜெர்மன் டாக்டர் வைத்த பெயர். அழற்சிதான் காரணம் என்று நினைத்து வைத்தார். அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தும் பெயர் மாறவில்லை, நம்ம சிலபஸ் மாதிரி.

தொடை எலும்பின் கீழ்முனையில், குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு ஒரு சின்ன இடத்தில் பலவீனமாகிறது. திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொன்னா, கிட்டத்தட்ட ஃபட்டீக் கிராக். கண்டுக்காம விட்டா அந்தத் துண்டு குருத்தெலும்போடு கழன்று மூட்டுக்குள்ள மிதக்கும். முட்டி திடீர்னு மடங்காம, நீட்டவும் முடியாம மாட்டிக்கும்.

எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடாத வயதில், துண்டு அசையாமல் இருந்தால், சில மாதம் ஓடாமல் குதிக்காமல் இருந்தே பலருக்கு ஆறிவிடும். நம்ம வயசுல அந்தத் தட்டு மூடியிருக்கும், இல்லைன்னா மூடிக்கிட்டு இருக்கும். அதற்குப் பிறகு துளையிடுவது, ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவது என்று ஆபரேஷன் பக்கம் போக வேண்டியிருக்கும். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, தானாக வளராது. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு செல்லை வளர்த்து முட்டியில் வைக்கும் முறையை ஸ்வீடன் டாக்டர்கள் 1994லேயே வெளியிட்டார்கள். அருமையான விஷயம்தான், ஆனால் செலவும் அதிகம், பழைய முட்டி அப்படியே திரும்பி வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

பசங்க வலியை மறைப்பது வீரத்தால் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவனுக்கு ஒரு சீசன் உட்கார்ந்தால் ஃபீஸ் சலுகை போயிடுமோன்னு பயம். அவனிடம் "உடம்பைப் பார்த்துக்கோ தம்பி"ன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. டாக்டர் லெட்டர் இருந்தால் அந்த வருஷச் சலுகை தொடரும் என்று காலேஜ் எழுத்தில் தரணும். முட்டி வீங்கியோ மாட்டிக்கொண்டோ வருபவனை எக்ஸ்ரே பார்க்காமல் டீம்ல சேர்க்க மாட்டேன் என்று பி.டி. சார் சொல்லணும். அடுத்த செலக்‌ஷனுக்கு முன்னாடியே.