துவைக்க முடியாத துணி

நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டார்கள். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியையோ சேலையையோ கிழித்துத்தான் சுற்றுவார்கள். புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும், பிஞ்சு உடம்புக்கு ஆகாது என்பது பெரியவர்கள் கணக்கு. ரசாயனம் படித்தவர்களும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். துணி சுருங்காமல் இருக்கப் போடும் சில மருந்துகளில் பார்மால்டிஹைடு உண்டு. துவைத்தால் அது பெருமளவு போய்விடும்.

இப்போது துவைக்க முடியாத துணி வந்திருக்கிறது. செங்கல்பட்டு மருந்துக்கடைகளில் குழந்தையைத் துடைக்க 'பேபி வைப்ஸ்' தொங்குகிறது. மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்களில் சாப்பிட்டு எழுந்தால் ஈரத் துடைப்புத் தாள் தருகிறார்கள். இதெல்லாம் தறியில் நெய்தது அல்ல. நான் படித்த பிரெஞ்சில் இதை 'நோன் திஸ்ஸே' என்பார்கள். நெய்யாதது என்றுதான் அர்த்தம்.

நெய்யாமல் இழைகள் எப்படிச் சேர்ந்து நிற்கும்? மூன்று நான்கு வழிகள் உண்டு. சூட்டில் உருக்கி ஒட்டலாம். முகக்கவசமும் கடைப்பையும் பெரும்பாலும் அப்படித்தான். ஊசியால் குத்தலாம். வேகமாகத் தண்ணீர் பீச்சிப் பின்னலாம். அல்லது பசை தெளித்து, அடுப்பில் காயவைத்து ஒட்டலாம்.

இந்தப் பசையில்தான் விஷயம் இருக்கிறது. நனைந்தாலும் கிழியாமல் இருக்க, பசையின் நீண்ட சங்கிலிகளைக் குறுக்கே ஒன்றோடொன்று கட்டிப்போட வேண்டும். அதற்காக என்-மெத்திலால் அக்ரிலமைடு என்ற பொருளைப் பல காலமாகச் சேர்த்து வருகிறார்கள். விலை மலிவு, பிடிப்பு பலம். ஆனால் சூடேறும்போது கொஞ்சம் பார்மால்டிஹைடு வெளிவரும். துளி துணியிலும் தங்கலாம். பிரான்சில் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அந்த ஆபத்து முக்கியமாக மூச்சில் இழுப்பவர்களுக்கு, அதாவது அடுப்பருகே நிற்கும் தொழிலாளிக்கு. நம் தோலுக்கு வரக்கூடியது அரிப்பும் ஒவ்வாமையும். பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாற்று இல்லாமல் இல்லை. பாலிஅக்ரிலிக் அமிலம், எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம் போன்றவற்றாலும் குறுக்குக் கட்டு போடலாம். அந்தக் கட்டு விழும்போது ஆவியாகப் போவது தண்ணீர். சூடு அதிகம் வேண்டும், செலவு கொஞ்சம் கூடும். தயாரிப்பாளர் தயங்குவது இதனால்தான்.

ஜப்பான் 1973-லேயே சட்டம் போட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைத் துணியில் கிலோவுக்கு 16 மில்லிகிராம், பெரியவர் உள்ளாடையில் 75 மில்லிகிராம் என்று பார்மால்டிஹைடுக்கு வரம்பு கட்டியது. நம் திருப்பூர்க்காரர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பனியனை இப்படிப்பட்ட வரம்புகளுக்குள் சோதித்து, சான்றிதழ் வாங்கித்தான் கப்பல் ஏற்றுகிறார்கள். அயலூர்க் குழந்தைக்குச் செய்வதை நம்மூர்க் குழந்தைக்கும் செய்யக் கூடாதா?

அரசாங்கம் நினைத்தால் முடியும். 25.6.2018 தேதியிட்ட அரசாணை எண் 84, ஒருமுறை பயன்படுத்தும் 14 பொருட்களுக்கு 1.1.2019 முதல் தடை போட்டது. அதில் நெய்யாத துணிப் பையும் உண்டு. துணி போல இருப்பதெல்லாம் துணி அல்ல என்று அப்போதே கோப்பில் ஏறிவிட்டது. நான் கேட்பது தடை அல்ல, இரண்டே வரி: இது எப்படி ஒட்டப்பட்டது, பார்மால்டிஹைடு எவ்வளவு. பிஸ்கட் பொட்டலத்தில் சர்க்கரை அளவைப் போடுகிறவர்களுக்கு இது பெரிய வேலையா?

புதுச்சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை துடைத்து எறிவதை யாரும் அலசுவதில்லை. ஈரமாகவே குழந்தையின் வாயைத் துடைக்கிறோம். ஆகவே அலச வேண்டிய வேலை ஆலையிலேயே முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா என்று பொட்டலம் சொல்ல வேண்டும். அடுத்த முறை பேரப்பிள்ளைக்கு வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பதில் தெரியாது. பத்துப் பேர் கேட்டால், அவர் தன் ஏஜென்டைக் கேட்பார்.